ஐந்து லேப்டாப், இரண்டு லாட்

அன்றைக்கு பேக்கிங் செக்ஷனில் இருந்தவர்கள்.

முதலாளி நாச்சிமுத்து. காலையில் தோட்டம், அப்புறம் பனியன் கம்பெனி.

மெர்ச்சன்டைசர் தினேஷ். சரக்கு வாங்கும் பையருக்கு மெயில் போடுவதும் பதில் சொல்வதும் அவர் வேலை.

பேக்கிங் சூப்பர்வைசர் ஜெபமணி அக்கா. தூத்துக்குடிப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்தவர்.

அவருக்குக் கீழே பேக்கிங் ஆட்கள். இருபத்திரண்டு பேர், எல்லாரும் பெண்கள்.

டேபிள் மேல் பழைய லேப்டாப் ஐந்து.

நான். கம்ப்யூட்டர் சர்வீஸ்.

இடம் அனுப்பர்பாளையம். புதன்கிழமை காலை பத்து மணி. வியாழன் பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து பையரின் ஆள் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார். ஐந்து லேப்டாப்பில் மூன்றுதான் ஓடுகிறது.

இப்போது சர்வீஸுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குச் சொந்த ஊர் சேவூர். எட்டாவதோடு நின்றேன். பனியன் கம்பெனியில் நாலு வருஷம் செக்கிங். அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பெட்டி தூக்கப் போனேன். தூக்கினதைக் கழற்றினேன். கழற்றினதை மாட்டினேன். அப்படித்தான் கற்றது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

1. என்ன வேலை

அந்த வருஷம் பையர் புது ரூல் போட்டார். ஒவ்வொரு பீஸையும் பார்கோடு ஸ்கேன் பண்ணித்தான் கார்ட்டன் பெட்டியில் வைக்க வேண்டும். கையால் எழுதின பேக்கிங் லிஸ்ட் செல்லாது. நாலு சைஸ், நாலு டேபிள். கார்ட்டன் ஸ்டிக்கருக்கு ஒரு டேபிள். மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர்.

முதலாளி கோயமுத்தூரில் பழைய லேப்டாப் ஐந்து வாங்கி வந்தார். சாப்ட்வேருக்கு லைசன்ஸ் உண்டா என்று பையரின் ஃபாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதனால் லினக்ஸ். பேக்கிங் புரோகிராம் ஆபீஸ் சர்வரில் ஓடும். ஸ்கேனரைக் கீபோர்டு சாக்கெட்டிலேயே சொருகிக்கொள்ளலாம். அதில் தொல்லை இல்லை.

தொல்லை நெட்வொர்க்கில். அந்தக் காலத்து லேப்டாப்பில் நெட்வொர்க் வயர் சொருக ஓட்டை கிடையாது. பக்கவாட்டில் ஒரு ஸ்லாட் இருக்கும். விசிட்டிங் கார்டு அகலத்தில் ஒரு தகட்டை அதில் தள்ள வேண்டும். பிசி கார்டு என்போம். கார்டுக்கு ஒரு வால் உண்டு. வாலில் வயர் மாட்டுவது.

புதன் காலை முதலாளி ஒரே தடவைதான் சொன்னார். "நாளைக்கு அஞ்சும் ஓடோணும்ப்பா. ஓடலீன்னா பேக்கிங்க வெளிய ஜாப் ஒர்க் குடுத்தர்றது. கம்ப்யூட்டரோட ஒருத்தரு ரெடியா இருக்கறாரு. பையரு கேக்கறான், நான் என்ன பண்ணட்டும்?"

பேக்கிங் வெளியே போனால் இந்த இருபத்திரண்டு பேருக்கும் வேலை இல்லை. ஜெபமணி அக்காவுக்கும் இல்லை. முதலாளி போனபின் அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, ஓடுமா ஓடாதா? ஒண்ணு சொல்லிருங்க. பிள்ளைகளுக்கு நான் சொல்லணும்லா."

"ஓடுங்க்கா" என்றேன்.

சொல்லிவிட்டேன். இனி ஓட்டித்தான் ஆக வேண்டும்.

2. சாம்பிள் அப்ரூவ்டு

கெர்னல் என்பது லினக்ஸின் அடிப்பாகம். எந்தெந்தச் சாமானோடு பேச வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெனுவில் ஒவ்வொன்றாகக் கேட்கும். யெஸ் போட்டால் உள்ளேயே சேர்ந்துவிடும். மாடுல் போட்டால் தனியாக இருந்து வேண்டும்போது வரும். நோ போட்டால் இல்லை.

சிடியில் கூட வந்த கெர்னல் கனமானது. இந்த லேப்டாப்பில் மெமரி 32 எம்பி. பாதியில் நின்றுவிடும். அதனால் மெலிசாக ஒன்று செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை சர்வரில் உட்கார்ந்து செய்தேன். தேவையில்லாததுக்கெல்லாம் நோ. பாட்டு கேட்கும் சவுண்டு, நோ. ஐஎஸ்ஏ என்று ஒரு கேள்வி. அது பழைய டெஸ்க்டாப் போர்டில் இருக்கும் நீளமான கறுப்பு ஸ்லாட். லேப்டாப்பில் அந்த ஸ்லாட் எங்கே இருக்கிறது? நோ.

ஒரு லேப்டாப்பில் போட்டேன். கார்டைத் தள்ளினேன். பீப், பீப்.

இந்த இரண்டு பீப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் பீப், கார்டை அடையாளம் கண்டது. இரண்டாவது பீப், கார்டு வேலைக்கு வந்தது. இரண்டாவது சத்தம் தாழ்ந்து வந்தால் வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

எனக்கு இரண்டும் மேல் சத்தம். சாம்பிள் அப்ரூவ்டு என்று நினைத்துக்கொண்டேன். அதையே சிடியில் எழுதி ஐந்துக்கும் ஏற்றினேன்.

புதன் காலையில் எல்லாரும் பார்க்க ஒவ்வொன்றாகக் கார்டைத் தள்ளினேன். மூன்றில் பீப், பீப். இரண்டில் சத்தமே இல்லை. தாழ்ந்த சத்தம்கூட இல்லை.

கார்டை மாற்றிப் பார்த்தேன். அதே கார்டு மற்ற லேப்டாப்பில் ஓடியது. அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். சத்தமில்லை. இன்னொரு தடவை ஏற்றினேன். சத்தமில்லை.

"ரெண்டும் லீவு போட்டுருச்சுங்கண்ணா" என்றாள் டேப் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

தினேஷ் வந்து பார்த்தார். "ஏனுங்க, பழைய இரும்புக் கடைக்குப் போற சாமானுக்கு இப்படி உசுரக் குடுக்கறீங்களே. மூணுதான்னு பையருக்கு மெயில் போட்டரட்டுங்களா?"

"போடாதீங்க."

"அப்ப எப்பத்தான் போடறதுங்க?"

கார்டை உருவித் திரும்பத் தள்ளினேன்.

3. ஒரே ஷேடு

ஜெபமணி அக்கா டேப் கட்டரைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளுங்க."

ஐந்தையும் மூடினார். கவிழ்த்தார். பின்பக்க ஸ்டிக்கரை வரிசையாகப் பார்த்தார். மூன்றை இடது பக்கம் அடுக்கினார். இரண்டை வலது பக்கம்.

"இது ரெண்டும் வேற லாட்டு."

"எல்லாம் ஒரே மாடலுங்க்கா."

"நம்பர் ஒண்ணுதான். கடைசியில பாருங்க. இந்த மூணுக்கும் ரெண்டு எழுத்து, இதுக்கு ஒரே எழுத்து. மூடி ஒரே ஷேடு, அதான் ஒங்களுக்குத் தெரியல. நேத்து எறக்கும்போதே நான் பாத்துட்டேன்."

"சொல்லியிருக்கலாமேங்க்கா."

"நீங்க கேக்கலையே. நான் என்ன கம்ப்யூட்டரா படிச்சிருக்கேன்?"

சத்தம் வராத இரண்டும் வலது பக்க இரண்டுதான்.

நாலு வருஷம் செக்கிங்கில் நின்றவன் நான். அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள், ஒரு கார்ட்டனுக்குள் இரண்டு லாட் போடாதே என்று. ஒரு தடவை சாயம் ஏற்றிய துணி ஒரு லாட். பார்வைக்கு இரண்டு லாட்டும் ஒரே நேவி புளூ. வெயிலில் வைத்தால் இரண்டு கலர். மூன்று லேப்டாப்புக்கான சாம்பிளை வேறு லாட்டின் மேலும் ஏற்றியிருக்கிறேன். துணியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். லேப்டாப் என்பதால் லாட் பார்க்கத் தோன்றவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் கமாண்டை இரண்டு லாட்டிலும் அடித்தேன். இரண்டு லிஸ்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகச் செக் பண்ணினேன். இடது லாட்டில் கார்டு ஸ்லாட்டின் சிப்புக்கு ஒரு வரி இருந்தது. வலது லாட்டில் அந்த வரி இல்லை.

சிப் இல்லாமல் ஸ்லாட் இருக்காது. அப்படியென்றால் அந்தச் சிப் வேறு பாதையில் இருக்கிறது. அந்த லிஸ்ட் புதுப் பாதையை மட்டும்தான் காட்டும்.

லினக்ஸ் சிடியில் ஒரு குறிப்பு இருந்தது. பழைய ஸ்லாட் சிப்பெல்லாம் 82365 வகை, அதற்குத் தனி டிரைவர் என்று. கெர்னல் மெனுவில் தேடினேன். மேலிருந்து கீழே மூன்று தடவை. அப்படி ஒரு கேள்வியே இல்லை.

மெனுவை எந்த ஃபைலிலிருந்து உண்டாக்குகிறது என்று பார்த்தேன். அந்த ஃபைலில் 82365 இருந்தது. கீழே ஒரு வரி. கூட்டிப் படித்தும் நிச்சயமாகப் புரியவில்லை. தினேஷைக் கூப்பிட்டேன். கேலி பேசினவர்தான். ஆனால் இங்கிலீஷ் தெரிந்தவர்.

அவர் குனிந்து படித்தார். "'டிபெண்ட்ஸ் ஆன் ஐஎஸ்ஏ'ன்னு இருக்குதுங்க. ஐஎஸ்ஏ இருந்தாத்தான் இது வரும். அது இல்லீன்னா இந்தக் கேள்வியவே உங்களுக்குக் காட்டாதுங்க." நிமிர்ந்தார். "யாருங்க அதுக்கு நோ போட்டது?"

"நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நீளமான ஸ்லாட் லேப்டாப்பில் இல்லை. ஆனால் ஐஎஸ்ஏ என்கிற பழைய பாதை உள்ளே இருக்கிறது. வெளியே வாசல் இல்லையென்றால் உள்ளே ரோடு இல்லை என்று நினைத்தது என் தப்பு.

ஐஎஸ்ஏ, யெஸ். மெனுவைத் திரும்பத் திறந்தேன். இல்லாத கேள்வி வந்து நின்றது. 82365, மாடுல். சர்வரில் புதுக் கெர்னல் செய்ய விட்டேன். ஒரு மணி இருபது நிமிஷம். சர்வர் திணறியது. ஆபீஸில் பில் போடுகிறவர்கள் திட்டினார்கள். முதலாளி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் டேபிளுக்கு வந்தபோது நாலாவது லேப்டாப் ரெடி. கார்டைத் தள்ளினேன். பெண்கள் டேப் ஒட்டுவதை நிறுத்தினார்கள்.

பீப். மேல் சத்தம்.

அடுத்தது தாழ்ந்து வந்தது.

"என்ன தம்பி, பாதி லீவா?" என்றார் ஜெபமணி அக்கா. அவர் குரலில் சிரிப்பு இல்லை.

கெர்னல் எழுதி வைக்கும் லாக்கைப் பார்த்தேன். சிப் கெர்னலைக் கூப்பிட ஒரு மணி உண்டு. இன்டரப்ட் என்போம். கார்டுக்குக் கெர்னல் அஞ்சாம் நம்பர் மணியைக் கொடுத்திருந்தது. அந்த மணி சவுண்டு சிப்புடையது. சவுண்டுக்கு நான் நோ போட்டதால், அப்படி ஒருத்தர் இருப்பதே கெர்னலுக்குத் தெரியாது. கார்டு செட்டிங் ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன், அஞ்சைத் தொடாதே என்று. கார்டை உருவினேன். தள்ளினேன்.

பீப், பீப்.

ஐந்தாவதிலும் அதே வரி. பீப், பீப்.

"லீவு முடிஞ்சி வந்துட்டு" என்றார் ஜெபமணி அக்கா. பெண்கள் பக்கம் திரும்பினார். "என்ன பாத்துட்டு நிக்கிய? ஸ்கேன் பண்ணிப் பழகுங்க."

ஓடிக்கொண்டிருந்த மூன்றையும் நான் தொடவில்லை. பழைய சிடி, புதுக் கெர்னல் சிடி இரண்டையும் தனித்தனி உறையில் போட்டு லாட் ஏ, லாட் பி என்று எழுதினேன். மணி மூன்று.

4. வியாழன் பதினொரு மணி

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் சிரிக்கிற ஆள் இல்லை. டேபிள் டேபிளாக நின்றார். எல் சைஸ் டேபிளில் யாரும் பார்க்காதபோது ஒரு எம் பீஸை அடுக்குக்குள் சொருகினார். நான் பார்த்தேன். சொல்லவில்லை.

அந்த டேபிள் பெண் வரிசையாக ஸ்கேன் பண்ணிக்கொண்டே வந்தாள். அந்த பீஸில் லேப்டாப் கத்தியது. அவள் பீஸை எடுத்துத் தனியே வைத்தாள்.

"இது எம்முங்க சார். இந்தக் கார்ட்டனுக்குள்ள போகாதுங்க."

அவர் பேடில் டிக் போட்டார். அப்புறம் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தார். "இது எந்த வருஷத்து மாடல்?"

தினேஷ் வாயைத் திறப்பதற்குள் முதலாளி சொன்னார். "வருஷம் தெரியலீங்க. ஓடுதுங்களே."

அதற்கும் ஒரு டிக்.

போகும்போது முதலாளி ஜெபமணி அக்காவிடம் நின்றார். "பேக்கிங் இங்கயே இருக்கட்டுங்க." அவ்வளவுதான். அக்கா தலையாட்டினார். டேப் கட்டரை எடுத்துக்கொண்டு அடுத்த கார்ட்டனுக்குப் போனார்.

சர்வீஸுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, சாம்பிள் ஓடியது என்று எல்லாவற்றிலும் ஏற்றாதே. கவிழ்த்து லாட் பார். உன்னால் முடியாவிட்டால் தினமும் லாட் பார்க்கிறவரைக் கேள், அவர் தானாக வந்து சொல்ல மாட்டார். இரண்டு, நோ போடும் முன் அதோடு சேர்ந்து எது எது மறையும் என்று பார். மறைந்த கேள்வி உன்னைத் தேடி வராது.

இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து யூனிட்டுக்கும் அதே பையர் ரூல் வந்தது. அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. அவர்கள் பேக்கிங்கை ஜெபமணி அக்கா செக்ஷனுக்கு ஜாப் ஒர்க்காகக் கொடுத்தார்கள். டேபிள் கூடியது. லேப்டாப் இன்னும் இரண்டு வந்தது. கவிழ்த்துப் பார்த்துத்தான் கெர்னல் போட்டேன்.

அன்று காலை அக்கா அட்டெண்டன்ஸ் எடுத்தார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன்.

இருபத்திரண்டு இருந்த இடத்தில் முப்பத்தொன்று.