ஒரே பக்கத்துக்காக மறைச்ச கட்டம்

நீ ப்ரிண்ட் கொடுக்கிறப்போ எல்லாத்தையும் ஒரே பக்கத்துல அடக்குற ஆப்ஷனை அமுக்கியிருக்கியா? அடங்காம போனது என்ன ஆச்சுன்னு பார்த்தியா?

நான் பார்க்கல. நேரா சொல்லிடுறேன். ஒரு ரெப்போர்ட்ல ரெண்டு கட்டத்தை நான் மறைச்சேன், அதுல ஒண்ணால ஒரு ஃபேக்டரில வசந்தி அக்கா பார்த்துக்கிட்டிருந்த லைன் போச்சு. அப்புறம் அவங்ககிட்ட ரெண்டு தடவை பொய் சொன்னேன். மூணாவது தடவை வாயால இல்ல, பிடிஎஃப்ல.

என் வேலை இதுதான். பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில எங்க ஆபீஸ். கம்பெனிகளுக்கு டேஷ்போர்டு செஞ்சு தரோம். இன்னைக்கு எவ்வளோ ஓடுச்சு, எங்க நின்னுச்சு, எல்லாம் ஸ்கிரீன்ல தெரியும். அதை பேப்பர்ல அழகா வர வைக்கிறது என் பொறுப்பு. கேக்க சப்ப மேட்டரா இருக்கும் லா. ஆனா மேல இருக்கிற ஆளு ஸ்கிரீனைத் திறக்கவே மாட்டார்னா, பேப்பர்ல வர்றது மட்டும்தான் அவருக்கு உண்மை.

கிள்ளான்ல ஒரு பிஸ்கட் ஃபேக்டரி எங்க கிளையண்ட். அங்க டைரக்டர் டத்தோ பட்டம் வாங்கின பெரிய ஆளு, எல்லாருக்கும் அவர் டத்தோதான். திங்கக்கிழமை காலைல ஒரே ஒரு தாளை கிளிப்போர்டுல மாட்டிக்கிட்டு ஃபேக்டரி முழுக்க நடப்பார். நான் முதல்ல தாளைப் படுக்க வச்ச மாதிரி லேஅவுட் கொடுத்தேன். பார்த்துட்டு, "கழுத்தைத் திருப்பித் திருப்பி படிக்க நான் என்ன கோழியா? நேரா வேணும். ஒரே பக்கம். எழுத்து பெருசா" அப்படின்னார்.

ஏழு கட்டம் இருந்துச்சு. லைன், லீடர் பேரு, டார்கெட், போட்டது, சதவீதம், நின்ன நேரம், நின்ன காரணம். ஏழையும் நேர்த் தாள்ல போட்டா எழுத்து எறும்பு சைஸ். கடைசி ரெண்டையும் ப்ரிண்ட்ல மட்டும் மறைச்சேன். 'ஏ4-க்கு ஏத்த மாதிரி சரி பண்ணியாச்சு'ன்னு ஈமெயில் போட்டேன். எதை எடுத்தேன்னு எழுதல. டத்தோ, "ஹா, இதுதான் ரெப்போர்ட்!" அப்படின்னார். ஆபீஸ்ல என்னைப் பாராட்டினாங்க. நானும் பெரிய இவன் மாதிரி சுத்தினேன்.

அந்தக் காரணக் கட்டத்தை நிரப்புறது யாரு தெரியுமா? லைன் லீடருங்க. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிஞ்சதும் டேப்லெட்ல டைப் பண்ணணும். ஆறாவது பேக்கிங் லைனுக்கு வசந்தி அக்கா. ஒரே விரல்ல, ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி அடிப்பாங்க. 'சீலிங் மெஷின் ஹீட்டர் ரோசாக். டெக்னீஷியன் வரல.' மறுநாளும் அதே ரோசாக், அதே ரிப்பேர். அவங்க தப்பு இல்ல, மெஷின்தான் கெட்டுப் போயிருந்துச்சு.

டேப்லெட் பார்க்கப் போனப்போ கேன்டீன்ல கேட்டாங்க. "தம்பி, நான் கஷ்டப்பட்டு அடிக்கிறேனே, அது மேல போய்ச் சேருதா? இல்ல இங்கயே கிடக்குதா?"

"போகுதுக்கா. டத்தோ கையில நேரா போகுது. கவலப்படாதீங்க லா."

அது முதல் பொய். சொல்றப்போ எனக்குத் தெரியுமா? தெரியும். மறைச்சதே நான்தானே!

அந்தத் தாள்ல ஆறாவது லைன் வாரா வாரம் சிவப்பு. டார்கெட் எட்டலைன்னா சிவப்பு, அந்தக் கலரையும் நான்தான் வச்சேன். காரணம் இல்லாத சிவப்பு... அதுக்குப் பக்கத்துல லீடர் பேரு மட்டும், பெரிய எழுத்துல. டத்தோ என்ன நினைப்பார்? நீயே சொல்லு.

அடுத்த தடவை போனேன். லீடருங்க போடுற மஞ்சள் தொப்பி அவங்க தலைல இல்ல. வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு, உடைஞ்ச பிஸ்கட் பொறுக்குற மேசைல நின்னாங்க.

"என்னக்கா தொப்பி மாறிடுச்சு?"

"லைனைப் பிடுங்கிட்டாங்க தம்பி. லீடர் சரியில்லயாம். பத்தொம்பது வருஷம் சரியா இருந்தேன், இப்பதான் கெட்டுப் போயிட்டேன் போல." சிரிச்சாங்க. அப்புறம், "நான் அடிச்சது எல்லாம் அவருக்குப் போச்சுல்ல?"

"போச்சுக்கா."

அன்னைக்கே ஆபீஸ் வந்து லேஅவுட்டை மாத்தினேன். ஒவ்வொரு லைனுக்கும் கீழ ஒரு சின்ன வரில காரணம். நேர்த் தாள், ஒரே பக்கம், எழுத்தும் பெருசு. பதினஞ்சு நிமிஷம் ஆச்சு. பதினஞ்சே நிமிஷம்! முதல்லயே செஞ்சிருக்கலாம். சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு அக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. ஹெச்ஆர்ல போய் கேக்கப் போறாங்களாம், டத்தோ பார்த்த பழைய ரெப்போர்ட் காப்பி வேணுமாம். ஃபோல்டர்ல எல்லாம் இருந்துச்சு. அதை அப்படியே அனுப்பியிருந்தா போதும். காரணக் கட்டம் இல்லாதது தெரிஞ்சிருக்கும், அவங்க ஜெயிச்சிருப்பாங்க, நான் மாட்டியிருப்பேன்.

நான் என்ன செஞ்சேன்? அதே பழைய வாரங்களைப் புது லேஅவுட்ல திரும்ப எடுத்து அனுப்பினேன். காரணத்தோட. டத்தோ கண்ணுல பட்டதே இல்லாத தாளு அது.

சாயங்காலம் பதில் வந்துச்சு. "தம்பி, நான் அடிச்சது ஒண்ணு விடாம இருக்கே. அப்போ இதைப் படிச்சிட்டுதான் என்னை எடுத்திருக்காங்க... இனி போய் என்னத்தக் கேக்கறது? விடு. ரொம்ப தேங்க்ஸ்பா."

அவங்க ஹெச்ஆருக்குப் போகல.

புதுத் தாள் போன முதல் திங்கக்கிழமை நான் அங்க மீட்டிங்ல இருந்தேன். டத்தோ ஆறாவது லைன்ல விரலை வச்சு, "ஹீட்டர் ரோசாக்னு போட்டிருக்கே. ஏன் இதை எனக்கு யாரும் சொல்லல?" அப்படின்னார். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டே வாரத்துல புது ஹீட்டர் வந்துடுச்சு. அவர் படிக்கிற ஆளுதான். படிக்க நான்தான் கொடுக்கல.

இதை ஏன் உன்கிட்ட சொல்றேன்? அவங்ககிட்ட சொல்ல தில் இல்ல, அதான். வேலை போயிடுமேன்னு பயமா? அது கொஞ்சம். அந்தத் தேங்க்ஸை அவங்க திரும்ப வாங்கிக்குவாங்களேன்னுதான் நிறைய. பழைய பிடிஎஃப் எல்லாம் அதே ஃபோல்டர்ல இருக்கு, அழிக்கல. அனுப்பவும் இல்ல.

இன்னைக்குக் காலைல ரெப்போர்ட் போச்சு. ஆறாவது லைன் பச்சை. லீடர் பேரு வேற.