கோட் கழற்றாமல் போட்ட ஊசி

மாங்கூழ் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்கிறவர்கள் டைஃபாய்டு ஊசி போட்டுக்கொண்டுதான் பெல்ட் பக்கம் வரவேண்டும். தின்கிற பொருளில் கை வைக்கிறவர்களுக்கு அது சட்டம். காவேரி ஊசியைக் குறை சொல்லவில்லை. போட்ட லட்சணத்தைத்தான் சொன்னாள்.

அவள் பாரூரில் பிறந்து காவேரிப்பட்டினத்தில் வாக்கப்பட்டவள். மாங்காய் சீசன் வந்தால் ஃபேக்டரி, மற்ற மாதங்களில் வீடு, இரண்டு எருமை.

அந்த வருஷம் ஊசி முகாமை ஒரு தனியார் ஆஸ்பத்திரி நடத்தியது. வெளியே மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வேலைக்கு உள்ளே வரும்போதே மாட்டிவிட்ட வெள்ளைக் கோட்டைக் கழற்றினால், கை கால் கழுவி வேறு கோட் வாங்கினால்தான் திரும்ப உள்ளே விடுவார்கள். அந்த வம்பு வேண்டாமென்று பெண்கள் மேல் பட்டனை மட்டும் அவிழ்த்து, கழுத்துப் பக்கமாக ரவிக்கையோடு இறக்கிவிட்டுத் தோளைக் காட்டினார்கள். வெளியே தெரிந்தது தோளின் உச்சிதான். நர்சும் கழற்றச் சொல்லாமல் அங்கேயே குத்தினாள்.

மறுநாள் காவேரிக்கு வலது கை எழவில்லை.

"ஊசின்னா ரெண்டு நாளு வலிக்கத்தான் செய்யும். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு," என்றான் புருஷன் சென்னகிருஷ்ணன்.

"வலிக்கிறது எனக்கு, நாளு சொல்றது நீயா? போய்யா, டீயை நீயே போட்டுக் குடி."

அவளுக்கு மாங்காய்க் கூடையைத் தூக்கி பெல்ட்டில் கொட்டுகிற வேலை. கை முடியவில்லை என்றால் நாளையிலிருந்து வராதே என்பார்கள். பக்கத்தில் அழுகல் பொறுக்கிய சுமலதா, சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து இடம் மாறிக் கூடையைத் தூக்கிக் கொட்டினாள். அவர் வந்தால் காவேரி கூடையைப் பிடித்தபடி நிற்பாள். இப்படியே சீசன் ஓடியது.

கை சரியாகவில்லை. ஸ்கேனைப் பார்த்த ஓசூர் டாக்டர், மருந்து சதையில் இறங்காமல் மூட்டில் இறங்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். காவேரி அதை எடுத்துக்கொண்டு சத்யப்ரியா வக்கீலிடம் போனாள். நுகர்வோர் கோர்ட்டில் ஆஸ்பத்திரி மேல் கேஸ் விழுந்தது.

ஆஸ்பத்திரி பதில் போட்டது: சீசன் முழுக்கக் கூடை தூக்கியிருக்கிறார், ஒருநாள்கூடப் புகார் சொன்னதில்லை, தோள் போனது கூடையால்.

"கூடைய நெஜமா யாரும்மா தூக்கினது?" என்று கேட்டாள் சத்யப்ரியா.

"அதைச் சொன்னா அவளுக்கு அடுத்த சீசன் வேலை போயிரும் மேடம்."

"சொல்லலைன்னா உங்க கேஸ் போயிரும்."

காவேரி எழுந்து வந்துவிட்டாள். கேஸ் தோற்றுவிடும் போலிருக்கிறது என்று மட்டும் சுமலதாவிடம் சொன்னாள். ஆனால் அவள் விடாமல் கேட்டு முழுசையும் பிடுங்கிவிட்டாள்.

"ஏங்க்கா, என் வேலை போறத என்னைக் கேக்காம நீயே முடிவு பண்ணுவியா? எந்தத் தேதிக்கு வரணும், அதச் சொல்லு."

கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்த சுமலதாவை ஆஸ்பத்திரி வக்கீல் மடக்கப் பார்த்தார். "நீங்கதான் தூக்கினீங்கன்னா, அதை சூப்பர்வைசர் பார்த்தாரா?"

"பாத்திருந்தா ரெண்டு பேரையும் அன்னிக்கே தொரத்தியிருப்பாரு சார்."

யாரோ சிரித்தார்கள்.

"சரி, கூடை தூக்கித் தோள் போகலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஊசி போட்ட மறுநாளு, வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே, டிரெஸ் மாத்துற ரூம்ல அக்கா தொப்பியக் கையில வெச்சிகினு அழுதுச்சு. கொண்டை போட கை பின்னால போவல. முடி வெளிய தெரிஞ்சா உள்ள வுட மாட்டாங்க. நான்தான் போட்டு வுட்டேன். அன்னியிலருந்து தெனமும் நான்தான். கூட இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் பாத்தாங்க, கேளுங்க."



கோட்டைக் கழற்றச் சொல்லாமல், வெளியே தெரிந்த இடத்தில் குத்தியது ஆஸ்பத்திரியின் தப்பு, நஷ்டஈடு தரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அப்பீல் போகப் போவதாக ஆஸ்பத்திரி சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த சீசனுக்கு ஃபேக்டரி இருவரையுமே கூப்பிடவில்லை.

சுமலதா இப்போது ஓசூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறாள். பஸ் ஏறுவதற்கு முன் காவேரி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பாள்.

"கேஸு ஜெயிச்சிட்டல்ல, இன்னமும் நான்தான் கொண்டை போடணுமா?"

"டாக்டரு தினம் கையத் தூக்கிப் பழகச் சொல்லிகீறாரு. காது வரைக்கும் வந்திருச்சி," என்றாள் காவேரி, சீப்பை நீட்டியபடி. "மீதிய நீ போடு. பஸ்ஸு வந்துரப் போவுது."