முன்வரிசை நாற்காலியில் என் கைக்குட்டை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மதுரையில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது இது. மனைவி இறந்துபோன பிறகு, வண்டியூரில் வீட்டுச் சுவரோடு பேசிக்கொண்டிருந்த நான், தனிமை தாங்காமல் ஓர் இசைக்குழுவில் சேர்ந்திருந்தேன். அறுபது வயதில் வேறென்ன வரும்? இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சிம்பல் என்று பெயர்; நம்ம ஊர் ஜால்ராவுக்குப் பெரியப்பா.

அன்று வாசித்தது, அந்தக் காலத்து இங்கிலாந்து ராஜா ஒருவர் போரில் ஜெயித்து ஊர் திரும்புவதை வைத்து எழுதிய மார்ச், அதாவது அணிவகுப்பு இசை. நடுவில், திரும்பி வராத வீரர்களுக்காக வயலின்கள் மட்டும் மெதுவாக அழும். அப்போது நான் மனதுக்குள் முப்பத்திரண்டு எண்ணிவிட்டு, ராஜா கோட்டைக்குள் நுழையும்போது ஓங்கி ஒரு அடி அடிக்க வேண்டும்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தானே மாப்பிள்ளை தேடிக்கொண்ட என் ஒரே மகளிடம், இனிமேல் என் முகத்திலேயே முழிக்காதே என்று கத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனசு கேட்காமல் அவளுக்குப் போன் செய்து நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டேன். "பாக்குறேன்ப்பா" என்றாள். எனக்கு அது போதும். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

வயலின்கள் அழத் தொடங்கின. நான் பத்தொன்பது எண்ணும்போது, பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்து, கைக்குட்டையை எடுத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வந்ததே ஆத்திரம்! எண்ணிக்கையெல்லாம் பறந்துபோய், படாரென்று அடித்துவிட்டேன். அரங்கமே என்னைப் பார்த்தது. பக்கத்தில் டிரம் வாசித்தவர் காலால் தட்டித் தட்டி எண்ணிக் காட்டியதில், சரியான அடியும் அதன் இடத்தில் விழுந்தது.

முடிந்ததும் அந்த அம்மாவிடம் சண்டைக்கே போனேன். அவர் கைக்குட்டையை மடித்து என் கையில் கொடுத்தார்.

"மேடை ஏறுனதுலருந்து இந்தக் காலிச் சேரையே பாத்துக்கிட்டு இருந்தீங்கண்ணே. எனக்கே தாங்கல, அதான் வந்து உக்காந்தேன். யாரு வரணும்?"

என் மகள்தான், இரண்டு வருடம் முன் முகத்திலேயே முழிக்காதே என்று கத்திவிட்டேன் என்றேன். என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். இடத்தையும் நேரத்தையும் சொன்னேன் என்றேன். அம்புட்டுதானா என்பதுபோல் பார்த்தார்.

அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா என்று மகளிடம் போனில் சொன்னது வீடு திரும்பிய பிறகுதான். "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அவள் இன்னும் என் வீட்டுப் படியேறவில்லை. சொன்ன சொல்லை அப்படியே விட்டுவிட்டு, ஒரு கைக்குட்டையைப் போட்டால் பிள்ளைக்கு இடம் கொடுத்ததாகிவிடும் என்று நான் நம்பியதை நினைத்தால், இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.