அத்தை இழுக்க மறுத்த மூச்சு

கால்பந்து அளவுக்கு உப்பியிருந்த அந்த பிளாஸ்டிக் பை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் அத்தையின் வாய்க்குப் போயிருந்தது. டாக்டரம்மா "இழுங்கம்மா" என்கிறார். அத்தையோ உதட்டை இறுக்கி, கண்ணையும் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கிறாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எண்ணூர்க் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு, திருவொற்றியூர்த் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றவள். கொரோனா வந்து தேறிய பிறகு நாலு வீடு தாண்டுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, எல்லாவற்றிலும் நார்மல். அந்த ஒரு சொல்தான் அவளைப் படாதபாடு படுத்தியது. "எல்லாம் நல்லாத்தான் கீதுன்றாங்க, அப்பறம் இன்னாத்துக்கு சீன் போடுற?" என்பார் மாமா. வாய்க்கு வாய் பேசுகிற என் அத்தை, அதற்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அதனால்தான், நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்காக ஸெனான் என்ற வாயுவை இழுக்கவைத்து எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளை அழைத்துப் போனேன், மாமாவையும் விடவில்லை. வாயு நுரையீரலில் எங்கெல்லாம் போகிறது, அங்கிருந்து ரத்தத்தில் சேருகிறதா என்பதெல்லாம் படத்தில் தெரியுமாம். டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். நடுவில் "கேஸ்" என்று சொல்லிவிட்டார். அங்கேதான் கெட்டது காரியம்.

"எங்கூர்ல கேஸுன்னா மூச்ச அட்க்கினு ஓடணும்மா," என்றாள் அத்தை, குழாயை எடுத்ததும். "நீ ஓட வுடாம படுக்கப் போட்டுட்ட." டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆலைப் பக்கமிருந்து கேஸ் கசிந்து நெடி வந்தால் முந்தானையை நனைத்து மூக்கைப் பொத்திக்கொள்வது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே வந்துவிடும்.

முதல் பை வீணாகிவிட, இரண்டாவது பைக்கு நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இழுத்து அடக்கினாள். "கள்ளு குட்ச்சா மாரி தல சுத்துதுடி," என்றாள் வெளியே வந்து.

காற்று உள்ளே நன்றாகப் போகிறது, ஆனால் பல இடங்களில் ரத்தத்தில் சேரவேண்டிய அளவு சேரவில்லை என்றார் டாக்டரம்மா. இதற்கென்று மருந்து இன்னும் இல்லை என்றும் சொன்னார். அத்தை மாமாவைக் கைகாட்டி, "அவருகிட்ட இன்னொருவாட்டி சொல்லும்மா," என்றாள். டாக்டரம்மா சொன்னார். மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்.

"மருந்து இல்லாங்காட்டி போவுது," என்றாள் அத்தை. "நான் பொய் சொல்லல."

இப்போதும் அவளுக்கு மூச்சு வாங்கத்தான் செய்கிறது. கடலுக்குப் போகிற ஆம்பளை மீன்கூடை தூக்கினால் குப்பமே சிரிக்கும். மாமா தூக்குகிறார். தெருவில் அத்தை எங்கே உட்கார்ந்தாலும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, அவளாக எழுந்திருக்கும்வரை பக்கத்தில் நிற்கிறார்.