பெரியவருக்கு அம்மா போட்ட காபி

எங்கள் குடும்பத்தில் போலீஸ் ஸ்டேஷன் படியைத் தானாக ஏறியவள் என் அம்மா ஒருத்திதான். அன்று அவளோடு நானும் போனேன். எனக்கு ஒன்பது வயது. நானாக விரும்பிப் போகவில்லை. அப்பா வர மறுத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். என்னை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அம்மா புதுச்சேரியில் கடற்கரைக்கு அடுத்த தெருவில் ஒரு பெரிய வீட்டில் பதினைந்து வருடமாகச் சமைத்துவந்தாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பம். பெற்றோர் காலமான பிறகு அந்த வீட்டில் மகள் மட்டும் இருந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர்; பாரிசில் ஆசிரியையாக இருந்துவிட்டுத் திரும்பியவர். அம்மா அவரைச் சின்னம்மா என்று கூப்பிடுவாள். சென்னையில் தொழில் செய்த அவருடைய அண்ணன்தான் பெரியவர். அந்த வீட்டை ஓட்டலாக மாற்றவேண்டும் என்பது பெரியவரின் நெடுநாள் ஆசை. கையெழுத்துப் போடமாட்டேன் என்பது சின்னம்மாவின் பிடிவாதம். இருவரும் பிரெஞ்சில் சண்டை போடுவார்கள். மொழி புரியாவிட்டாலும், எதற்காகச் சண்டை என்பது அம்மாவுக்குத் தெரியும்.

விடுமுறை நாட்களில் நானும் அங்கே போவேன். காய் நறுக்கும் மேசையில் உட்காரவைத்துச் சின்னம்மா எனக்குப் பிரெஞ்சு வார்த்தைகள் சொல்லித்தருவார். "உனக்கு நாக்கு நல்லா வளையுதே!" என்று ஒருமுறை சொன்னார். அதை நான் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அவர் இறந்த அன்று எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. முற்பகலில் பெரியவர் வந்திருக்கிறார். அம்மா காபி கொடுத்தாள். மதியம் இங்கேயே சாப்பிடுகிறேன், வஞ்சிரம் வாங்கி வா என்று அவளை மார்க்கெட்டுக்கு அனுப்பினார். மீனோடு திரும்பியபோது அவரும் இல்லை, காரும் இல்லை. சாப்பாட்டுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்க மாடிக்குப் போனவள், கட்டிலில் சின்னம்மாவைப் பார்த்தாள். முகத்தின்மேல் தலையணை கிடந்தது.

சின்னம்மாவின் கழுத்துச் சங்கிலி, அந்த வீட்டு வாசலில் காவலிருந்த வாட்ச்மேனின் அறையில் அகப்பட்டது. அன்று மாலையே வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மாவிடம் போலீஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வாட்ச்மேன் மாடிக்குப் போவானா? போகமாட்டார் என்றாள். அதோடு அனுப்பிவிட்டார்கள். காலையில் வந்துபோனதைப் பெரியவரே போலீசிடம் சொல்லியிருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. பெரியவரின் மனைவி இறங்கினார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வெளியாள் யாரும் வரலைன்னு சொல்லிடு. அவரு மெட்ராஸ்லதான் இருந்தாரு. உனக்கே தெரியுமே." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவளை நல்ல கான்வென்ட்ல சேர்த்துடறோம். பிரெஞ்சும் படிக்கலாம். பன்னிரண்டாவது வரைக்கும் எங்க பொறுப்பு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

கார் போனதும் அப்பா சொன்னார். "பெரிய எடத்து வெவகாரம். நமக்கெதுக்கு? புள்ளையாவது படிக்கட்டும்."

"அவரு வந்தாரு. நான் காபி குடுத்தேன்."

"அது உனக்கு மட்டுந்தான தெரியும்?"

"அதான் சொல்றேன். எனக்கு மட்டுந்தான் தெரியும்."

மறுநாள்தான் ஸ்டேஷனுக்குப் போனோம். வாசலில் வாட்ச்மேனின் மனைவி ஒரு டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவரைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே போனாள்.

அவள் சொன்னதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் சாய்ந்து உட்கார்ந்தார். "வாட்ச்மேனும் இதையேதான் சொல்றான், பெரியவர் வந்தாரு, என்னை மாத்திரை வாங்க அனுப்பினாருன்னு. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"அவரைப் புடிச்சிட்டுப் போனதுக்கப்புறம் நான் பாக்கவே இல்ல சார்."

"அவர் போன் அன்னைக்குப் பூரா மெட்ராஸ்லதாம்மா இருந்திருக்கு. டவர் காட்டுது. மிஷின் பொய் சொல்லுமா?"

அம்மா குரலை உயர்த்தவில்லை. "போனு அங்கதான் இருந்திருக்கும் சார். நான் காபி குடுத்தது போனுக்கு இல்ல, அவருக்கு."

பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "எத்தனை மணி?"

"நான் மீன் வாங்கப் போவசொல்ல மணி பதினொண்ணு."

எழுதிய தாளில், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள் அம்மா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அந்த அறையில் அன்று அவளைவிட நிமிர்ந்து நின்ற ஒருவரை நான் பார்க்கவில்லை. ஆனால் அப்போது எனக்கு அவள்மேல் கோபம்தான் இருந்தது. என் கான்வென்ட்டை அந்தத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்பது மட்டும் எனக்கு விளங்கியது.

அதன்பிறகுதான் போலீஸ் தேட ஆரம்பித்தது. புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு. சென்னைக்குத் திரும்புகிறவர்கள் எல்லையில் டேங்கை நிரப்பிக்கொள்ளாமல் போவது அபூர்வம். அத்தனை சொத்துள்ள பெரியவரும் அப்படிப் போகவில்லை. கனகசெட்டிக்குளத்தில் ஒரு பங்க்கின் அன்றைய கேமராப் பதிவில் அவரும் அவர் காரும் தெளிவாக இருந்தார்கள். வாட்ச்மேன் வெளியே வந்தார். வழக்கு சில வருடம் நடந்தது. கோர்ட்டிலும் அம்மா ஒரு சொல் மாறாமல் சொன்னாள். பெரியவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அம்மா புதுச்சேரியிலேயே, கதிர்காமத்தில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். நான் எங்கள் ஊர் அரசுப் பள்ளியிலேயே படித்தேன்.

இவ்வளவு நடந்தும், அந்த வழக்கை நினைத்தால் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்த அந்தப் பிற்பகல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பஸ் நிறுத்தத்தின் சிமெண்டுப் பலகையில் அம்மா உட்கார்ந்தாள். எங்கள் ஊரான தவளக்குப்பம் வழியாகப் போகிற கடலூர் பஸ் வந்தது.

"அம்மா, பஸ்ஸு!"

"போவட்டும். அடுத்ததுல போலாம். குந்து."

அடுத்தது வந்தது. அதையும் விட்டாள். இரண்டு முழங்கால்களையும் உள்ளங்கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சாலையையே பார்த்தபடி இருந்தாள். மூன்றாவது பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி.

"அதான் எடம் இருக்கே!" என்றேன்.

"கொஞ்சம் இருடி கண்ணு," என்றாள். எழப்போனவள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

முழு பஸ்ஸும் காலியாக வந்தால்தான் ஏறுவாள் போலிருக்கிறது என்று நினைத்து, அவள்மேல் எரிச்சலோடு நின்றுகொண்டிருந்தேன்.