பில்லே கொட்டிய பார்லி

கொப்தான் வாண்டோ தீவில் கடற்பாசி உலர்த்திப் பிழைத்தவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயில் பிள்ளைகளுக்கு டீச்சர். இருபத்திரண்டு வருஷம் இயேசுவின் அற்புதங்களைச் சொன்னாள். வேதத்தைப் பிரித்துப் படிக்க வராது. காதால் கேட்டதைச் சொல்வாள்.

போர் முடிந்த மூன்றாம் வசந்தத்தில் ஐந்து அப்பம், இரண்டு மீன் கதை வந்தது.

"அப்பம் கொண்டு வந்த பையன் தனக்குன்னு கொஞ்சம் ஒளிச்சு வச்சானா? இல்ல. மொத்தமும் குடுத்தான். அதான் அஞ்சாயிரம் பேரு தின்னும் பன்னெண்டு கூடை மிஞ்சுற அளவு பெருகுச்சு" என்றாள்.

அந்தக் கோயில் பெண்கள் உலை வைக்குமுன் வீட்டிலுள்ள ஆளுக்கொரு கரண்டி தானியத்தைத் தனியே ஒரு பையில் போடுவார்கள். வாரம் ஒருமுறை அது கோயில் பானைக்குப் போகும், போதகர் வீட்டுச் சாப்பாட்டுக்கு. மறு ஞாயிறு, பில்லே என்ற ஏழு வயதுக்காரி வீட்டு ஜாடியிலிருந்த பார்லி முழுவதையும் அந்தப் பானையில் கொட்டிவிட்டாள். அப்பா இல்லாத வீடு. புதுப் பார்லி அறுக்க இன்னும் நாற்பது நாள் இருந்தது.

மறுநாள் அவள் அம்மா கடற்பாசித் தட்டிகளுக்கு நடுவே வந்து நின்றாள்.

"என்னத்தக்கா சொல்லிக் குடுத்தீங்க? காலி ஜாடி முன்னால உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குறா. பன்னெண்டு கூடை வருமாம். நீங்க வந்து எண்ணிக் குடுங்க."

கொப்தான் நேரே போய்க் கோயில் பானையைத் திறந்தாள். கோயில் மூப்பர் பியோன் குறுக்கே நின்றார்.

"கர்த்தருக்குப் போட்டதத் திருப்பி அள்றதா? கேள்விப்பட்டதே இல்லையே."

"இப்ப கேட்டுக்கோங்க மூப்பரய்யா. தப்பா சொன்னது நான். பார்லி அந்த வீட்டுக்குப் போகணும்."

"போதகர் என்ன சாப்பிடுவாரு?"

"போன வாரம் என்ன சாப்பிட்டாரோ அத."

அவர் நகரவில்லை, அவளும் நகரவில்லை. கடைசியில் மூப்பர் இருமிக்கொண்டே வெளியே போய், ஏற்கெனவே பெருக்கிய வாசலை மறுபடி பெருக்கினார்.

கொப்தான் கொண்டுபோய் நிரப்பிய ஜாடிக்குள் பில்லே எட்டிப் பார்த்தாள்.

"பெருகலையா டீச்சர்?"

"பெருகல. மொத்தமும் குடுத்தாத்தான் பெருகும்னு வேதத்துல இல்ல. அது நானாச் சேத்தது."

பில்லே கைவிட்டுத் துழாவினாள். எல்லா வீட்டுத் தானியமும் கலந்து கிடந்த பானை அது. பார்லிக்கு நடுவே வெள்ளரிசி மணிகள் தெரிந்தன. அந்த வீடு அறுப்புத் திருநாளுக்குப் பிறகு அரிசியைப் பார்த்ததில்லை.

"அரிசி வந்திருக்கு."

"அது மில்காரர் வீட்டு அரிசிடி. கலந்து போச்சு."

"யாரு வீட்டுதா இருந்தா என்ன? வந்திருக்குல்ல?"

அம்மா உலை வைக்கப் போனாள். முதல் இரண்டு கரண்டியைக் கோயில் பையில் போட்டாள்.

அடுத்த ஞாயிறு, இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர்க் கல்யாணக் கதை. "வீட்டுத் தண்ணிப் பானைய யாரும் தொடப்படாது" என்று சொல்லிவிட்டுத்தான் கொப்தான் கதையை ஆரம்பித்தாள்.