இன்னும் வராதவர்

ஐம்பதுகளில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் என் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர் ஒரு யூத டாக்டர். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஒல்லி மனிதர். தினமும் காலையில் பேப்பரைப் படித்து மடித்துவிட்டு, "மேசியா இன்னும் வரல" என்பார். மேசியா என்றால் யூதர்கள் காத்திருக்கும் மீட்பர்.

ஒருநாள் கிறிஸ்தவரான கம்பவுண்டர் கேட்டேவிட்டார்: "இன்னா டாக்டரே, அவருதான் ஏசுவா வந்துட்டாரே! இன்னும் யாருக்குக் காத்துகினு கீறீங்க?"

டாக்டர் எங்கள் ஊர்த் தமிழிலேயே பதில் சொன்னார்: "எங்க மேசியா கடவுள் இல்லப்பா, மனுஷன். அவர் வந்தா உலகத்துல சண்டையே இருக்காது. அதான் அடையாளம். என் ரெண்டு பொண்ணுங்களையும் இழுத்துகினு போனவங்க, அவர் வந்துட்டாருன்னு நம்பினவங்கதான்."

கம்பவுண்டர் தலைகுனிந்தார். டாக்டர் என் புண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்.

பெற்ற பெண்களைக் காப்பாற்ற வராத ஒருவருக்காக அவர் எப்படிக் காத்திருந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.